சத்தத்தை அமர்த்திவிட்டுப் பார்த்தது

செம்பூரில் எங்கள் வீட்டு வாசலில் பேச்சி மதினி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டு, மாடிப்படியின் கைப்பிடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. வாரை அவிழ்த்தார், மாட்டினார், மறுபடி அவிழ்த்தார். உள்ளே வந்து கேட்க வேண்டியதை வாசலிலேயே ஒருமுறை கேட்டுப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்தில் எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தவர் பேச்சி மதினி. அவர் கணவர் முத்தையா அண்ணன் தோல்பை தைக்கும் பட்டறையில் மெஷின்காரர். பிறகு நாங்கள் செம்பூருக்கு வந்தோம், அவர்கள் மான்குர்த்துக்குப் போனார்கள். தீபாவளிக்குப் போனில் பேசிக்கொள்வோம், ஆள்முகம் பார்ப்பது கல்யாணம் காட்சியில்தான் என்று ஆகிவிட்டது. நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய மழைக்காலத்தில், வேலைக்குப் போகிற வழியில், முத்தையா அண்ணன் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

சாரதா காப்பி கொடுத்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண், என் மனைவி. மதினி ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க வீட்டுல இதுக்குக் கசாயம்னு பேரு" என்றார்.

"சீனி போடட்டுமா?"

"வேண்டாம்மா. கசாயத்துக்கு எதுக்குச் சீனி."

இருவரும் சிரித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மதினி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அத ஒருக்கா எனக்குக் காட்டு."

"எத மதினி?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஊரே பாத்துட்டு. நான் ஒருத்திதான் பாக்கல."

முத்தையா அண்ணன் தண்டவாளத்தின் ஓரத்தில் கிடந்ததை யாரோ படம் எடுத்திருந்தார்கள். அது போன் போனாகச் சுற்றியது. அவ்வளவு தூரம் எனக்கும் தெரியும். சாவு வீட்டில் அதைப் பற்றித் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அதை நான் பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"எம்மவ ரேவதிக்குக் காலேஜுல ஒரு பிள்ள காட்டியிருக்கா, இது உங்கப்பாவா பாருன்னு. அதுல பாட்டு ஓடுதாம், சோகப் பாட்டு. பாட்டு இல்லாதது ஒண்ணு மொதல்ல வந்துதாம். அவுக வாய் அசையுதாம் தம்பி. என்னமோ சொல்லுதாவளாம். என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"எங்கிட்ட எப்பிடி இருக்கும் மதினி?"

"நீ எதையும் அழிக்க மாட்டியே. சைபர் கஃபேல வேல பாக்கும்போதே எல்லாத்தையும் சேத்து வச்சவம்லா நீ."

அது உண்மை. ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்றேன்.

மூஞ்சி பாக்கது

மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சந்து. பூக்கடைகளிலிருந்து நனைந்த வாழைநார் வாசனை வரும். அங்கே ஒரு சைபர் கஃபேயில் இருபத்துச் சொச்சம் வயதில் நான் உட்கார்ந்திருந்தேன். ப்ளைவுட் தடுப்புப் போட்ட எட்டு கேபின். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு சிவப்பு வாளி. என்னோடு ஷிப்ட்டில் அந்தோணி. அவனும் தாராவிதான், எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி.

அந்தோணிதான் முதலில் அதைக் கொண்டுவந்தான். திரையில் ஓர் அறை. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு திரைச்சீலை. இந்தப் படத்தில் ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது, உற்றுப் பார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. புதிதாக வருகிறவர் மூக்கு திரையில் படும்படி குனிவார். கால் நிமிஷம் ஒன்றும் நடக்காது. பிறகு பிணம் போல ஒரு முகம் திரை நிறைய வந்து அலறும்.

நாங்கள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கேபினின் ப்ளைவுட் இடுக்கு வழியாக ஆளின் முகத்தைப் பார்த்தோம். அதற்கு அந்தோணி வைத்த பெயர் 'மூஞ்சி பாக்கது'. இப்போது படத்தைப் பார்க்கிறவனின் முகத்தையே தனியாகப் படம் பிடித்து உலகம் முழுக்கப் போடுகிறார்கள், அதற்கும் லட்சக்கணக்கில் ஆள் இருக்கிறது. நாங்கள் ப்ளைவுட்டில் செய்ததுதான்.

ஒரு வங்கிக் குமாஸ்தா, ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தவர், நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த பேனாக்கள் தரையில் உருண்டன. முதலாளியிடம் சொல்லி வேலையைப் பிடுங்கிவிடுவார் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவர் தன் நண்பரை அழைத்துவந்தார். நண்பரை அதே நாற்காலியில் உட்காரவைத்து, எங்களோடு வந்து நின்று, இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் அது பரவியது. பயந்தவர் யாரும் புகார் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூட்டி வந்தார்கள்.

பயமுறுத்தலுக்குப் பிறகு அருவருப்பு வந்தது. மனித உடம்பை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து எடுத்தவை. அதற்கு அப்புறம் போர் நடந்த தேசங்களிலிருந்து. மண்டியிட்டிருக்கும் ஒருவன், பின்னால் முகமூடி போட்ட நான்கு பேர். மீதியை நான் எழுத மாட்டேன். அந்த ஆளின் முகம் எனக்கு நினைவில்லை. அவன் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி இருந்தது, அதில் ஒரு தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தாள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

பார்ப்பதற்கு அந்தோணி இரண்டு விதி வைத்திருந்தான். ஒன்று, சத்தத்தை அமர்த்திவிட வேண்டும். இரண்டு, உள்ளங்கையால் திரையின் மேல் பாதியை மறைத்துக்கொள்ள வேண்டும்.

"சத்தந்தாம்ல ஆளக் கொல்லும். படம் ஒண்ணுஞ் செய்யாது."

அந்த இரண்டு விதியோடு நாங்கள் எதையும் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வடாபாவ் தின்றோம். பச்சைமிளகாயைக் கடித்தோம். அதைத் தைரியம் என்று நான் நம்பியிருந்தேன்.

பலகை

இந்த நகரத்தில் இது இன்டர்நெட்டோடு தொடங்கியதல்ல. ரயில்வே ஸ்டேஷன்களில் ஒரு பலகை இருக்கும். இறந்து கிடந்த, அடையாளம் தெரியாதவர்களின் படங்களை அதில் ஒட்டியிருப்பார்கள். தண்டவாளத்தில் கிடந்தவர்கள், ப்ளாட்பாரத்தில் தூங்கியபடி போனவர்கள். மூடாத கண், வீங்கிய உதடு, அடியில் உயரமும் சட்டையின் நிறமும்.

என் அப்பா வேலை விட்டு வரும்போது அந்தப் பலகை முன்னால் நிற்பார். சாப்பாட்டுப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்பார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போகும். எனக்கு அசிங்கமாக இருக்கும், கையைப் பிடித்து இழுப்பேன்.

"இருல. நம்ம ஊரு மூஞ்சி ஏதாச்சும் இருந்தா போய்ச் சொல்லணும்லா."

ஒரே ஒரு தடவை ஒன்று இருந்தது. அப்பா ரயில்வே போலீசுக்குப் போய்விட்டு வந்து, தெருக்குழாயில் சட்டையோடு குளித்தார். கேட்டதற்கு, "சொல்லிட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

அவரும் கோரத்தைத்தான் பார்த்தார். ஆனால் மேல் பாதியை மறைத்துக்கொண்டு பார்க்கவில்லை. மேல் பாதியைத்தான் பார்த்தார்.

சைபர் கஃபேக்கள் மூடின. தாராவியில் மொபைல் கடைகள் வந்தன. மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு, சினிமா எல்லாம் ஏற்றித் தருவார்கள். கூடவே ஒரு ஃபோல்டர் இலவசம், யாரும் கேட்காமலே. அதற்குள் விபத்துகள் இருக்கும். ரயிலில் இரண்டு பேர் தொடையோடு தொடை இடிக்க உட்கார்ந்து, ஒரு போனிலிருந்து மற்றதற்குக் கடத்துவார்கள். மாஹிம் வருவதற்குள் ஒரு சாவு கைமாறிவிடும்.

அப்புறம் குரூப்புகள் வந்தன. இங்கேதான் ஒன்று மாறியது. சைபரில் நாங்கள் விளையாட்டுக்காகக் காட்டினோம், அது விளையாட்டு என்பது எங்களுக்குத் தெரியும். இப்போது அதோடு இரக்கம் சேர்ந்துகொண்டது. வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள் என்று மேலே ஒரு வரி, கீழே ரத்தம். ஐம்பதை எட்டும் ஒரு கௌரவமான மனிதன் கூசாமல் அனுப்பலாம் என்று ஆயிற்று. நான் அனுப்பினேன்.

கேண்டீனில்

திங்கட்கிழமை மதியம், விக்ரோலியில் என் ஆபீஸ் கேண்டீனில் போனைத் துழாவினேன். ஹிந்தித் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் பிழைப்பு. பக்கத்து மேஜையில் யாரோ எலுமிச்சம்பழத்தைச் சாம்பாரில் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

முந்திய மழைக்காலத்தின் அந்தத் தேதிக்குப் பின்னோக்கிப் போனேன். காலை ஒன்பது பத்துக்கு அந்தோணி எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்பதே காலுக்கு நான் அதை மூன்று குரூப்புகளுக்கு அனுப்பியிருந்தேன். தாராவிப் பழைய சந்துக்காரர்கள், ஆபீஸ், கவிதை வாசிக்கும் நண்பர்கள். மேலே என் வரி: 'நண்பர்களே, ஓடும் ரயிலில் தொங்காதீர்கள். ஓர் உயிர் ஒரு முறைதான்.' அடியில் 'திருத்தப்பட்டது' என்று இருந்தது. 'ஒரு உயிர்' என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் 'ஓர் உயிர்' என்று மாற்றியிருக்கிறேன்.

அந்தக் காலை நினைவுக்கு வந்தது. செம்பூரிலிருந்து குர்லா போகும் நெரிசல். யாருடைய தோளுக்கோ மேலே போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். வண்டி தாமதம், லைனில் யாரோ விழுந்துவிட்டான் என்று பேச்சு. சத்தத்தை அமர்த்தினேன். கட்டைவிரல் தானாகப் போய் மேல் பாதியில் உட்கார்ந்தது. பார்த்தேன். அனுப்பினேன்.

கேண்டீனில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். விரலை எடுத்துவிட்டு ஓடவிட்டேன்.

இருபத்துமூன்று விநாடி. ஈரமான ஜல்லி. ஓரத்தில் யாரோ பயிரிட்ட கீரை. திறந்து கிடந்த டப்பாவிலிருந்து சோறு கல்லின் மேல் வெள்ளையாக. முகத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, முத்தையா அண்ணன். சட்டைப் பையில் தோலில் கோடு போடுகிற சாக்குக்கட்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையை லேசாகத் தூக்கி, நிற்கிற கால்களிடம் பேசுகிறார்.

சுற்றிலும் ஹிந்தி. தண்ணி கொடு என்கிறார் ஒருவர். தொடாதே, போலீஸ் லஃப்டா, வம்பு ஆகும் என்கிறார் இன்னொருவர். போனைப் பிடித்திருப்பவர், பக்கத்தில் கேட்கிறது, "என்னமோ சொல்றான், மதராசி போலிருக்கு, புரியலை" என்கிறார்.

அண்ணன் எண் சொல்லிக்கொண்டிருந்தார். ஒம்பது, எட்டு, ரெண்டு என்று ஒவ்வொன்றாக. பத்து எண்ணும் சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது தடவை மூன்றாம் எண்ணில் படம் முடிந்துவிடுகிறது.

முப்பது வருஷம் இந்த ஊர் ஹிந்தியில் பேரம் பேசியவர், சண்டை போட்டவர், முதலாளியைக் கிண்டல் செய்தவர். அந்த நிமிஷத்தில் அது அவரை விட்டுப் போயிருந்தது. தமிழ் மட்டும் மிச்சம்.

நாப்கினில் எழுதிக்கொண்டு, யாருடைய எண் என்று பார்க்கப் போனில் அழுத்தினேன். ஏழாவது எண்ணை அழுத்தியதும் போன் பெயரைக் காட்டிவிட்டது. பேச்சி மதினி.

செம்பூரில் வாடகைக்குக் கோலி, ஒற்றை அறை வீடு, கிடைக்குமா என்று விசாரிக்க அவர் கூப்பிட்டபோது பதிந்து வைத்தது. வருஷக்கணக்காக என் போனில்தான் இருந்திருக்கிறது.

முத்தையா அண்ணன் மத்தியானம் இரண்டு மணிவரை உயிரோடு இருந்தார். பெரியாஸ்பத்திரியில், பெயரில்லாமல். சாயங்காலம் பட்டறை ஆள் ஒருவர் தேடிப் போய் அடையாளம் சொன்னார். மான்குர்த்திலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம்.

அந்தோணிக்குப் போன் செய்தேன். அவன் இப்போது சீத்தா கேம்ப் பக்கம் தண்ணீர் கேன் போடுகிறான்.

"ஏல, நீ அனுப்புன ரயில் வீடியோவ சத்தத்தோட பாத்தியா?"

"எவம்ல சத்தம் வச்சுப் பாப்பான்? நம்மதாம் அந்தக் காலத்துலயே..." என்று சிரித்தான். நான் கூடச் சிரிக்காததால், "ஏன், என்ன?" என்றான். சொன்னேன்.

சுற்றி நின்று கேட்டவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த நாங்கள் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் யாரோ அந்தச் சத்தத்தின் மேல் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு

"கிடைக்கலேன்னு சொல்லிடுங்கோ" என்றாள் சாரதா, சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே. "டிலீட் ஆயிடுத்துன்னா யாரு போய்ப் பாக்கப் போறா. அவாளுக்கு இருக்கற பாரம் போறாதா?"

"அவங்களுக்காகச் சொல்றியா?"

அவள் ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "உங்களுக்காகவும்தான்" என்றாள்.

மதினி வந்தார். இந்த முறை செருப்பைச் சட்டென்று கழற்றிவிட்டார்.

"இருக்கு மதினி" என்றேன். "படம் வேண்டாம். சத்தம் மட்டும் கேளுங்க."

சற்று யோசித்துவிட்டுத் தலையாட்டினார். போனை மேஜைமேல் குப்புறக் கவிழ்த்து வைத்து ஓடவிட்டேன். ஜல்லியில் யாரோ நடக்கும் சத்தம். ஹிந்தி. அதற்கு அடியில், ஈரத் துணியைப் பிழிவது போல, அவர் குரல். மதினி கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். மூன்றாவது தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது.

"என் நம்பர்லா" என்றார்.

"ஆமா."

"ஒண்ணுகூட விடல." முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "ரீசார்ஜ் கடையில நின்னுக்கிட்டு எனக்கே போன் போடுவாவ. ஏளா, ஒன் நம்பர் என்னதும்பாவ. கட்டுனவ நம்பர் தெரியல, இந்த ஆளு எதுக்காவும்னு ஏசுவேன். மனப்பாடமாத்தான் வச்சிருந்திருக்காவ."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டு, கவிழ்ந்திருந்த போனைப் பார்த்தபடியே கேட்டார்.

"இது ஒனக்கு எப்ப வந்துது?"

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. போன மாசம் யாரோ அனுப்பினார்கள் என்று சொல்லலாம். வாய்வரை வந்துவிட்டது.

"அன்னைக்குக் காலையிலயே மதினி. ஒம்பதே காலுக்கு நான் மத்தவங்களுக்கும் அனுப்பியிருக்கேன்."

"அவுக ரெண்டு மணிவரைக்கும் இருந்தாவ."

"ஆமா."

"என் நம்பர் ஓங்கிட்ட இருந்துதுல்லா."

"இருந்துது."

"பொறவு?"

"சத்தத்த அமத்திட்டுப் பாத்தேன்."

"ஏன்?"

"கேக்கப் பயம் மதினி."

"பாக்க முடிஞ்சுது. கேக்க முடியல" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. கணக்கு சரியா என்று பார்க்கிறவர் போல, மெதுவாகச் சொன்னார்.

அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் எங்கேயாவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். கீழே தெருவில் பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் மூலை திரும்பும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"யாருக்கெல்லாம் அனுப்புன?"

"மூணு குரூப்பு."

"அந்த மூணுக்கும் எழுது. அவுக யாரு, என்ன சொன்னாவன்னு எழுது. நம்பரப் போடாத. தமிழ்லயும் எழுது, ஹிந்திலயும் எழுது. ரேவதிக்குத் தமிழ் வாசிக்க வராது."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் கவிதை எதுவும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. சாரதா அடுக்களை வாசலில் நின்றபடியே இருந்தாள்.

'போன மழைக்காலத்தில் நான் உங்களுக்கு அனுப்பிய ரயில் வீடியோவில் இருப்பவர் பெயர் முத்தையா. தாராவியில் பை தைத்தவர். அவர் சொல்லிக்கொண்டிருந்தது தன் மனைவியின் போன் எண். அந்த வீடியோவை நான் தெரியாமல் சத்தத்தை அமர்த்திப் பார்த்துவிட்டு உங்களுக்கு அனுப்பினேன். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.'

மதினி பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரையின் மேல் விரலை ஓட்டி வாசித்தார். விரல் பட்டு எழுத்துகள் நழுவின. மறுபடி மேலே இழுத்து வைத்துக் கொடுத்தேன்.

"எல்லாம் சரிதான்" என்றார். "இந்தத் தெரியாமங்கறத எடுத்துரு."

"மதினி, நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சன்னு நான் சொல்லலய்யா. சத்தத்த நீ தெரிஞ்சுதான அமத்துன."

எடுத்தேன். ஹிந்தியிலும் எடுத்தேன். மூன்று குரூப்புகளுக்கும் அனுப்பினேன். கும்பிடும் கைகள் நிறைய வந்தன. பழைய சந்துக்காரர்களில் இரண்டு பேர் அழும் முகம் போட்டார்கள். எனக்குத் தெரிந்து, அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பியவர் ஒருவரும் இல்லை.

இதை எழுதும்போதும் அந்தத் 'தெரியாமல்' இரண்டு இடங்களில் தானாக வந்து உட்கார்ந்தது. இரண்டிலும் எடுத்திருக்கிறேன்.